இரவல் மடி

சிதம்பரத்தில் எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்து போகிறவர்கள் என் முகத்தை ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள். என் மடியை மறக்க வழியில்லை. இந்தச் சுற்றுவட்டாரத்தில் பத்துப் பதினைந்து வீடுகளில் அது சுவரில் தொங்குகிறது. மேலே வேறொருத்தியின் முகம் இருக்கும். அந்த முகத்துக்கு உரியவள் குவைத்திலோ மஸ்கட்டிலோ யார் வீட்டுப் பாத்திரத்தையோ தேய்த்துக்கொண்டிருப்பாள். குழந்தை மட்டும் நிஜமாகவே என் மடியில் உட்கார்ந்திருக்கும்.

அம்மாவும் குழந்தையுமாக எடுக்கிற படம்தான் எங்கள் கடைக்குச் சோறு போடுவது. கல்யாண வேலையை என் கணவர் பார்த்துக்கொள்வார்; நான் ஸ்டூடியோவுக்குள் இருப்பேன். அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸிலிருந்து வருகிற அம்மாக்கள் போனில் பத்துப் படம் சேமித்துக்கொண்டு வந்து, "இதே மாதிரி வேணும் மேடம்" என்பார்கள். படத்தில் இருப்பது ஏதோ பனி தேசத்துக் குழந்தை; கம்பளிக் குல்லாவுக்குள் சிரித்துக்கொண்டிருக்கும். சித்திரை வெயிலில் அந்தக் குல்லாவை மாட்டினால் நம் குழந்தை ஊரைக் கூட்டும். நான் குல்லாவை ஓரமாக வைத்துவிட்டு, அம்மாவைத் தரையில் உட்காரச் சொல்லி, குழந்தை அவள் வளையலைப் பிடித்து இழுக்கிற நேரம் பார்த்து எடுத்துவிடுவேன். அப்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். படம் கைக்கு வந்த பிறகு குல்லாவைப் பற்றி யாரும் பேசியதில்லை.

வெளிநாட்டில் இருக்கிற அம்மாவைக் குழந்தையோடு சேர்த்துத் தரச் சொல்லி வருகிறவர்களுக்குத்தான் என் மடி. ஆரம்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்த குழந்தையையும் எங்கோ நின்ற அம்மாவையும் கம்ப்யூட்டரில் ஒட்டிப் பார்த்தேன். குழந்தை அந்தரத்தில் மிதந்தது. மடியில் உட்கார்ந்த குழந்தையின் உடம்பே வேறு. முதுகு சாய்ந்திருக்கும், கால் தளர்ந்து தொங்கும், வயிறு முன்னால் வந்திருக்கும். அதை எந்த ஃபோட்டோஷாப்பும் செய்யாது. அதனால் நானே உட்கார ஆரம்பித்தேன். அம்மா ஊரில் விட்டுப்போன புடவை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, சுடிதாருக்கு மேலேயே சுற்றிக்கொள்வேன். கணவர் எடுப்பார். பிறகு அவள் அனுப்பிய முகத்தை என் கழுத்தில் வைத்து, என் மோதிரத்தையும் கைக்கடிகாரத் தடத்தையும் அழித்துவிடுவேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். நன்றாகவே மறைப்பேன்.

நிழல் ஒத்துப்போக வேண்டும் என்பதால் அந்தப் பெண்களிடம் நானே போனில் பேசுவேன். சன்னலுக்கு எதிரே நில்லுங்கள், வெளிச்சம் இடது கன்னத்தில் விழட்டும், உங்கள் மடியில் குழந்தை இருப்பதாக நினைத்துக் கொஞ்சம் குனிந்து பாருங்கள் என்பேன். வருகிற படத்தில் கண் சிவந்திருக்கும். அதையும் நான்தான் வெளுக்க வேண்டும்.

இதில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்தது என்பதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன். என் மகன் கைக்குழந்தையாக இருந்த காலத்தில் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் கேமராவைத் தூக்கிக்கொண்டு நானும் ஓடினேன். அவன் கடலூரில் மஞ்சக்குப்பத்தில், மாமியார் வீட்டில் வளர்ந்தான். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று மாமியார் என்னைக் குத்திக்காட்டுவார். உண்மைதான், தானே வளர்ந்துவிட்டான். இப்போது ஓசூரில் வேலை. வந்தால் எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து போனைப் பார்ப்பான். நல்ல பிள்ளை, குறை ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் அவன் மூன்று வயதில் என்ன கனம் இருந்தான் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஊரார் பிள்ளைகள் ஒவ்வொன்றாக என் தொடையில் உட்காரும்போது, இவ்வளவு இருந்திருப்பானோ, இதைவிடக் கொஞ்சம் ஜாஸ்தியோ என்று கணக்குப் போடுவேன். அந்த ஏக்கத்துக்கு வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது?

குமராட்சிப் பக்கத்திலிருந்து ஒரு மினிபஸ் கண்டக்டர் வந்தது அப்படிப்பட்ட நாளில்தான். தோளில் ஒரு வயது ஆகப்போகிற பெண் குழந்தை, கையில் மஞ்சப்பை, பைக்குள் ஊதாப் புடவை. குழந்தை அவருடைய அக்காவினுடையது. அக்கா வீட்டுக்காரர் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறேன் என்று போனவர், போனவர்தான். ஒன்பது மாதக் குழந்தையைத் தம்பியிடமும் தம்பி மனைவியிடமும் விட்டுவிட்டு அக்கா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

"பொறந்த நாளு வருதுக்கா. அம்மா மடியில ஒக்காந்த மாதிரி ஒரு படம் வேணும்" என்றார். "பெருசானப்புறம் கேக்கும்ல, அன்னிக்கு நீ எங்க இருந்தன்னு."

எடுத்தோம். குழந்தை கொஞ்ச நேரம் சிணுங்கிவிட்டு என் வயிற்றில் தலையைச் சாய்த்துக்கொண்டது. வலது கையால் அதன் இடுப்பைச் சுற்றிப் பிடித்திருந்தேன். படத்தை முடித்து, கண்ணாடி போட்டு அனுப்பியும் ஆயிற்று. என் வலது மணிக்கட்டில் மிளகு அளவு ஒரு மச்சம் உண்டு. மற்ற எல்லாப் படத்திலும் முதலில் அழிப்பது அதைத்தான். இந்தப் படத்தில் குழந்தையின் கவுன் லேஸ் ஓரத்தோடு சேர்ந்து கிடந்ததில் விட்டுவிட்டேன். தொழிலில் சுத்தமான பிழை. அப்போது எனக்குத் தெரியவும் இல்லை.

மறு வருஷம் குழந்தை நடந்து வந்தது. நான் புடவையைச் சுற்றி ஸ்டூலில் உட்கார்ந்ததும் நேராக என்னிடம் வந்து, என் வலது கையைப் பிடித்துத் திருப்பி, மச்சத்தில் விரலை வைத்தது. பிறகு திரும்பி நின்று, தூக்கு என்பதுபோல் கையை உயர்த்தியது. நான் கண்டக்டரைப் பார்த்தேன். அவர் சங்கடமாகச் சிரித்தார்.

"போன தடவ எடுத்த படத்துல அது இருக்குதுக்கா. சின்னதா ஒண்ணு லேமினேஷன் போட்டுக் குடுத்தேன். அந்த மச்சத்தத் தொட்டுக்கிட்டுத்தான் தூங்குது. இந்தப் படத்துலயும் எடுத்துடாதீங்க."

அந்த மச்சத்தை அழித்திருக்க வேண்டும். பழைய படத்திலும் அழித்து, புதிதாக ஒன்று போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். நான் சரி என்றேன். அன்று வேலை முடிந்த பிறகு திரையில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தேன். ஒரு வீட்டில் ஒரு குழந்தை என் கையைத் தொட்டுக்கொண்டு தூங்குகிறது என்ற நினைப்பு எனக்கு இனித்தது. மடியில் உட்கார்ந்த குழந்தைக்கு அம்மாவின் முகம் தெரியாது. அதற்குத் தெரிவது முன்னால் கோத்திருக்கிற கைதான். முகத்தை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, கையை நான் எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் பிறந்தநாளுக்கும் வந்தார்கள். மறுபடியும் அதே மடி, அதே மச்சம். அந்த வருஷம் குழந்தை நல்ல கனம். இரண்டே நிமிஷத்தில் முடிகிற வேலையை, வெளிச்சம் சரியில்லை, திரை கோணல் என்று அரைமணி நேரம் இழுத்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று கணவர் முனகினார். எனக்கு ஆடத் தெரியும். எழுந்திருக்கத்தான் மனசில்லை.

நாலாம் பிறந்தநாளுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவளே வந்தாள். கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்தது. மூன்று வருஷம் அந்த முகத்தின் ஒவ்வொரு சுருக்கத்தையும் பெரிதாக்கிப் பார்த்தவள் நான். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வலது கையைப் பார்த்தாள்.

"நீங்கதானாக்கா" என்றாள். கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். கோபம் இல்லை.

தம்பியும் குழந்தையும் வெளியே ஜூஸ் கடையில் இருந்தார்கள். அவர்கள் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அவசரமாகச் சொன்னாள். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வீடியோ காலில் பேசுவாளாம். குழந்தைக்கு இரண்டரை வயது இருக்கும்போது ஒருநாள், கையைக் காட்டு என்று கேட்டிருக்கிறது. காட்டியிருக்கிறாள். மச்சம் இல்லை. இது அம்மா இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடிவிட்டதாம். அடுத்த இரண்டு வாரமும் போன் பக்கமே வரவில்லை.

"அதுக்கப்புறம் கண்மையால வச்சுக்குவேன்க்கா. நீங்க எங்க வச்சிருக்கீங்களோ அதே எடத்துல. படத்தப் பாத்துப் பாத்து வப்பேன். கூட வேல செய்யற பொண்ணு சிரிக்கும். என்னா அக்கா, கையில திருஷ்டிப் பொட்டான்னு."

ஒன்றரை வருஷம் அப்படி. விமானத்தில் ஏறுவதற்கு முன்பும் வைத்துக்கொண்டுதான் ஏறினாளாம். குழந்தை வாசலில் நின்று கையைப் பார்த்தது, தொட்டது, சும்மா இருந்தது. மறுநாள் காலை குழந்தையைக் குளிப்பாட்டும்போது தண்ணீர் பட்டு மை வழிந்துவிட்டது. சோப்பு நுரையில் கறுப்பாக ஓடியதைக் குழந்தை பார்த்தது. பார்த்ததும் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

"வந்து பதினோரு நாளு ஆச்சு. இன்னும் பத்தொம்பது நாளுதான் லீவு. கிட்ட வர மாட்டேங்குது. தம்பி பொண்டாட்டி கிட்டதான் சாப்புடுது, தூங்குது. நான் சோறு பெசஞ்சு வச்சா தட்டத் தள்ளிவுடுது." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஒரு தடவ மடியில ஒக்காந்தா போதும்க்கா. அத நெனச்சுக்கிட்டே போயிடுவேன். நீங்க எப்புடிப் புடிச்சீங்க? எனக்குச் சொல்லிக்குடுங்க."

பெற்றவள் என்னிடம் கேட்கிறாள், பிள்ளையை எப்படிப் பிடிப்பது என்று. மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான். அதற்குள் கதவு திறந்தது.

குழந்தை உள்ளே வந்து, அம்மாவைத் தாண்டி, நேராக என்னிடம் வந்தது. மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பியது. மச்சத்தில் விரலை வைத்து அழுத்தியது. பிறகு நான் கூப்பிடாமலே மடியில் ஏறி உட்கார்ந்து, என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டது. அவள் நாலடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு நிமிஷம் நான் சந்தோஷமாக இருந்தேன். அவள் கண்ணெதிரில், அவள் பிள்ளையை வைத்துக்கொண்டு, சந்தோஷமாக இருந்தேன். அதை வேறு எப்படிச் சொன்னாலும் பொய்.

அப்புறம் அவளைப் பார்த்தேன். அவள் என் கை எப்படி வளைந்திருக்கிறது என்று கவனித்துக்கொண்டிருந்தாள். தன் வலது கையை அதேபோல் காற்றில் வளைத்துப் பார்த்தாள்.

குழந்தையை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு மேக்கப் அறைக்குள் போனேன். கல்யாணப் பெண்ணுக்குப் பூசுகிற ஃபவுண்டேஷனை எடுத்து மச்சத்தின் மேல் தடவினேன். ஒரு தடவைக்கு அடங்கவில்லை. மூன்று தடவை பூசி, மேலே பவுடர் ஒற்றினேன். கம்ப்யூட்டரில் ஒரு சொடுக்கில் போகிற மச்சம், தோலில் போவதற்கு இத்தனை பாடு. கண்ணாடியில் கையைப் பார்த்தேன். யாருடைய கையோ போல் இருந்தது.

வெளியே வந்து குழந்தையின் முன் குந்தி உட்கார்ந்து கையைக் காட்டினேன்.

"பாத்தியா, கழுவுனேன், போயிடுச்சு. எனக்கும் வரைஞ்சதுதான் பாப்பா. நான் உன் அம்மா இல்ல. படம் எடுக்கறவ."

குழந்தை கையைப் பார்த்தது. என் முகத்தைப் பார்த்தது. நான் பயந்த மாதிரி அழவில்லை. ஸ்டூலை விட்டு இறங்கி, எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் தரையில் நின்றது. அந்த நேரத்தில் அதற்கு யாருமே இல்லை. அப்படி ஆக்கியவள் நான். கண்டக்டர் "பாப்பா, மாமாகிட்ட வா" என்று கையை நீட்டினார். போகவில்லை.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கூப்பிடவில்லை, கையை நீட்டவும் இல்லை. இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தாள். இடது கையில், கட்டைவிரலுக்குக் கீழே, கறுத்து வழவழத்த ஒரு தழும்பு. குழந்தை அதைத் தூரத்திலிருந்து கொஞ்ச நேரம் பார்த்தது. ஒரு எட்டு வைத்தது. இன்னொரு எட்டு.

"இதுவும் வரைஞ்சதா?"

"இல்ல பாப்பா. இஸ்திரிப் பொட்டி சுட்டுடுச்சு. அங்க, வேல செய்யறப்ப."

குழந்தை நம்பவில்லை. விரலை வாயில் வைத்து ஈரமாக்கி, தழும்பைத் தேய்த்தது. விரலைத் திருப்பிப் பார்த்தது. மறுபடி எச்சில் தொட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, சிலேட்டை அழிக்கிற மாதிரி அழுத்தித் தேய்த்தது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. நின்றுகொண்டே தேய்க்க வசதிப்படவில்லை போலும். அவள் மடியில் உட்கார்ந்து, அந்தக் கையை இழுத்துத் தன் முட்டி மேல் வைத்துக்கொண்டு தேய்த்தது.

"அழியல" என்றது, மாமாவைப் பார்த்து.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் கணவரைப் பார்த்தேன். அவர் எடுத்தார். தொழில்முறையில் பார்த்தால் உருப்படாத படம். குழந்தை குனிந்திருப்பதால் முகம் தெரியாது. அம்மாவின் கண் மூடியிருக்கிறது. தரையில் ஜூஸ் பாட்டில் கிடக்கிறது. ஒன்றையும் அழிக்காமல், ஒன்றையும் வெளுக்காமல் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அதுதான் நாலாம் பிறந்தநாள் படம். மீதி நாட்களில் அவள் குழந்தையோடு ஸ்ரீமுஷ்ணம் போனாள், கடலூர் சில்வர் பீச்சுக்குப் போனாள் என்று தம்பி பிறகு சொன்னார். பத்தொன்பதாம் நாள் குவைத்துக்குத் திரும்பிவிட்டாள்.

அந்தப் படம் எடுத்த அன்று சாயங்காலம் பூச்சைத் துடைக்கும்போது நான் அழுதேன். எதற்கு அழுகிறாய் என்று கணவர் கேட்டார். மடி கனமே இல்லாமல் இருக்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? கண்ணில் பவுடர் பட்டுவிட்டது என்றேன். ஓசூருக்குப் போன் போட்டேன். பையன் எடுத்து, "என்னாம்மா, எதுனா வேணுமா" என்றான். சும்மாதான் என்றேன். சாப்பிட்டாயா என்றேன். சாப்பிட்டேன் என்றான். அதற்கு மேல் என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

இந்த வருஷம் ஐந்தாம் பிறந்தநாள். கண்டக்டர் வழக்கம்போல் குழந்தையோடும் ஊதாப் புடவையோடும் வந்தார். அக்கா தன் முகத்தை அனுப்பியிருக்கிறாள், போனில் இருக்கிறது என்றார். மச்சத்தின் மேல் பூசிக்கொண்டுதான் வந்தேன். புடவையைச் சுற்றிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். வருஷம் ஒரு தடவை கிடைப்பது. இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குழந்தை வரவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளையாகிவிட்டது, இரட்டைச் சடை, முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, "நீங்க எந்திரிங்க அத்த" என்றது.

"எப்பவும் எடுக்கறதுதான பாப்பா, ஒக்காரு" என்றார் மாமா.

"அம்மா மடிக்கு அம்மாதான் வரணும்" என்று அவரிடம் சொல்லிவிட்டு, திரையின் நடுவில் போய் நின்றது. பிறகு யோசித்து, வலது ஓரத்துக்குத் தள்ளி நின்றுகொண்டது. "அந்தப் பக்கம் அம்மா வருவாங்க. எடம் விட்டு எடுங்க."

நான் எழுந்து புடவையைக் களைந்து மடித்து மஞ்சப்பைக்குள் வைத்தேன். ஸ்டூலை அகற்றினேன். கேமராவை என் கணவரிடமிருந்து வாங்கி, ஒரு பெண் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு, நானே எடுத்தேன். குழந்தை சிரிக்கவில்லை, காலியாக இருந்த பக்கத்தில் கையை நீட்டி வைத்திருந்தது. முகத்தை ஒட்டலாமா வேண்டாமா என்று கேட்டு அந்தப் படத்தை அப்படியே அவளுக்கு அனுப்பினேன். அன்று வெள்ளிக்கிழமை இல்லை. இருந்தாலும் கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள். பின்னால் குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு குழாயை மூடினாள்.

"அந்த எடம் அப்புடியே இருக்கட்டும்க்கா" என்றாள். "நான் வந்து நிக்கிறேன்."